கோடும் மையமும்: மனவரைபடம் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

அண்மைக் காலத்தில் எமது கல்வியுலகில் 'மனவரைபடம்' என்னும் சொல் பெருவழக்குப் பெற்றுவிட்டது. வெற்றுத் தாளொன்றின் நடுவே ஒரு சொல்லை எழுதி வட்டமிட்டு, அதிலிருந்து கிளைகளாகவும் கிளைக்குட் கிளைகளாகவும் ஏனைய எண்ணங்களைப் பல நிறங்களில் விரித்துச் செல்லும் குறிப்பெடுப்பு முறையே இப்பெயராற் சுட்டப்படுகின்றது. ஆசிரியர்கள் இதனை வகுப்பறையிற் பயில்விக்கின்றனர்; இளைஞர்க்கென நடைபெறும் ஆளுமை விருத்திப் பயிற்சிப் பட்டறைகளில் வளவாளர்கள் இதனைக் கொண்டே தம் பணியைத் தொடங்குகின்றனர். இம்முறையால் விளையும் பயன்களாக இரண்டு கூறப்படுகின்றன. கற்றல் எளிதாகும் என்பது ஒன்று. தன்னைத் தான் அறிந்து வளர்த்துக்கொள்ளலாம் என்பது மற்றொன்று.

இவற்றுள் முன்னையது உளவியல் சார்ந்த கூற்று. மெய்யா பொய்யா எனச் சோதித்தறியத்தக்கது. பின்னையது அறவியலின் எல்லைக்குட்பட்டது. எனினும் முன்னையதனுள்ளும் ஓர் அறவினா மறைந்து கிடக்கின்றது. பிறரொருவர் வரைந்த படத்தை மனத்திற் பதித்துக்கொண்டவன், அப்பொருளை 'யான் அறிவேன்' எனக் கூறுதல் பொருந்துமா? பின்னையதில் எழும் வினா இன்னும் கூரியது. தாளின் நடுவே 'நான்' என்று எழுதிவிட்டு ஏனைய அனைத்தையும் அதன் கிளைகளாக்கும் உரிமை எவர்க்குண்டு? இவ்விரு வினாக்களும் ஒரே வேரிற் கிளைத்தவை என்பது என் கருத்து.

மனவரைபடம் என்னும் பெயரை உலகறியச் செய்தவர் ஆங்கிலேயரான ரொனி புசான் (1942–2019) என்பவராவர். 1974 ஆம் ஆண்டு பி.பி.சி. தொலைக்காட்சியில் அவர் நடத்திய தொடரும், அவ்வாண்டிலேயே வெளிவந்த அவரது நூலும் இதனைப் பரப்பின. மனிதமூளை நேர்கோட்டிற் சிந்திப்பதில்லை, ஒரு மையத்திலிருந்து எத்திசையும் பரவியே சிந்திக்கின்றது என்பது அவர்தம் கொள்கை. மூளையின் இடப்பாதி சொல்லையும் தருக்கத்தையும், வலப்பாதி நிறத்தையும் வடிவத்தையும் ஆள்வன ஆதலின், வண்ணப்படம் வரைவோன் இரண்டையும் ஒருங்கே இயக்குகின்றான் என்றும் கூறப்பட்டது. மூளைப்பாதிகள் பற்றிய ஆய்வுக்காக ரொஜர் ஸ்பெரி 1981 இல் நோபல் பரிசு பெற்றமை இக்கூற்றுக்கு ஒரு விஞ்ஞான மதிப்பை இரவலாகத் தந்தது. ஆனால் ஸ்பெரியின் ஆய்வுக்குப் பெயர் தந்தவர்கள், இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புக்கற்றை சத்திரசிகிச்சையால் துண்டிக்கப்பட்ட நோயாளர். அம்முடிவுகளை வண்ணப் பென்சிலுடன் குறிப்பெடுக்கும் மாணவனுக்குப் பொருத்துதல் வணிகரின் தருக்கமேயன்றி விஞ்ஞானியின் தருக்கமன்று.

எனினும் பயனே இல்லையெனக் கூறுதலும் நேர்மையாகாது. மருத்துவ மாணவர் 50 பேரைக்கொண்டு இங்கிலாந்தில் நிகழ்த்தப்பட்டு 2002 இல் வெளியான ஆய்வொன்றில், 600 சொற்கள் கொண்ட பகுதியொன்றை மனவரைபடத்தாற் படித்தவர்கள் ஒரு வாரத்தின் பின்னர், தத்தமக்குப் பழகிய முறையிற் படித்தவர்களிலும் ஏறக்குறையப் பத்திலொரு பங்கு கூடுதலாக நினைவுகூர்ந்தனர். அதேவேளை அவர்கள் அம்முறையின்பாற் கொண்ட ஊக்கமோ குறைவாகவே இருந்தது. 2011 இல் அமெரிக்காவின் பேர்டூ பல்கலைக்கழகத்து ஆய்வாளர் இருவர் வெளியிட்ட முடிவு இதனினும் சிந்திக்கத்தக்கது. நூலைத் திறந்துவைத்து எண்ணக்கரு வரைபடம் வரைந்தவர்களைவிட, நூலை மூடிவைத்துத் தாம் படித்ததை மீட்டெழுத முயன்றவர்களே பின்னர் நன்கு விடையளித்தனர். பின்னர் நடந்த பரீட்சையே ஒரு வரைபடத்தை வரைக என்பதாக இருந்தபோதும் முடிவு மாறவில்லை. வியப்பிற்குரிய முடிவுதான், ஆயினும் அதன் காரணம் எளிது. நூலைப் பார்த்து வரைகின்றவனின் கை உழைக்கின்றது. நூலை மூடியவனின் மனம் உழைக்கின்றது.

இங்கு 'எண்ணக்கரு வரைபடம்' என்பதை மனவரைபடத்திலிருந்து பிரித்தறிதல் நன்று. 1970களில் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் நோவாக் என்பாரும் அவர்தம் உடனாய்வாளரும் உருவாக்கிய அம்முறையில், இரு எண்ணங்களை இணைக்கும் கோட்டின்மீது ஒரு சொல் எழுதப்படல் வேண்டும். 'மழை' என்றும் 'நெல்' என்றும் எழுதிக் கோடிட்டால் மட்டும் போதாது. அக்கோட்டின்மீது 'விளைவிக்கின்றது' என்றோ 'அழிக்கின்றது' என்றோ எழுதவேண்டும். மாரிமழை பிழைத்தாலும் பெருகினாலும் என்ன நேரும் என்பதைக் கந்தளாய் வயல்களைக் கண்டவர் அறிவர். இரு சொற்களும் ஒரே மழைக்குப் பொருந்துவனவே. புசானின் கிளைகளிலோ கோட்டின்மீது உறவைக் கூறும் சொல் இல்லை. அழகாக வளையும், மெல்லத் தேயும், நிறம் மாறும். ஆனால் உறவெதனையும் சொல்லாது. இவ்வேறுபாடு சிறிதெனத் தோன்றினும் என் வாதம் முழுவதும் இதன்மீதே நிற்கின்றது. அறிவு பெட்டிகளில் இல்லை, கோடுகளில் உள்ளது.

படம் வரையாமலே அறிவை வரைபடமாக அமைத்தல் தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பியம் எழுத்து, சொல், பொருள் என மூன்று அதிகாரங்களாகவும், ஒவ்வோர் அதிகாரமும் ஒன்பது இயல்களாகவும், ஆக 27 இயல்களாக விரிகின்றது. ஓலையிற் கிளை வரைதல் அரிது; ஆதலின் எண்ணே கிளையாயிற்று. திருக்குறளில் 40 ஆம் அதிகாரம் கல்வி, 41 கல்லாமை, 42 கேள்வி, 43 அறிவுடைமை என அமைந்த வைப்புமுறையே ஒரு வாதம் எனலாம். கல்விக்கும் அறிவுடைமைக்கும் இடையிலே கேள்வி நிற்கின்றது.

ஆயினும் பகுப்பும் வைப்பும் மட்டும் முழுமையான வரைபடமாகா. அகத்திணை மரபே அதற்குத் தக்க சான்று. நிலமும் பொழுதுமாகிய முதற்பொருள், அந்நிலத்துப் பறவையும் பூவும் தொழிலுமாகிய கருப்பொருள், அங்கு நிகழும் ஒழுக்கமாகிய உரிப்பொருள் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்து நிற்கின்றன. கடலுக்கு இரங்கல் ஏன் உரித்தாயிற்று? மலைக்குப் புணர்தல் ஏன்? மாணவன் அட்டவணையை மனனஞ்செய்து வினாத்தாளில் ஒப்புவிக்கலாம், முழுப்புள்ளியும் பெறலாம். உரையாசிரியர்களோ அப்பொருத்தத்திற்குக் காரணங்காட்ட முயன்றனர். எற்பாட்டு வேளையில் மீன்பிடி வள்ளங்கள் போன திசையைப் பார்த்தவாறு கரையில் நிற்கும் பெண்ணொருத்தியைத் திருகோணமலையிற் கண்ட ஒருவன், நெய்தலுக்கும் இரங்கலுக்கும் இடையிலுள்ள கோட்டைத் தானே வரைந்துகொள்கின்றான். அதன்பின் அட்டவணை மறந்துபோயினும் நட்டமில்லை.

இதனினும் கட்டுறுதியான எடுத்துக்காட்டொன்றைச் சித்த மருத்துவம் தருகின்றது. துறைமுகத்தின் மேற்கே, கண்டி வீதியை அண்டிய கப்பல்துறையில் ஆயுர்வேத வைத்தியசாலையொன்று உண்டு. கோணேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்திற் சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகப் பயிற்றப்படுகின்றது. ஆதலின் இவ்வறிவு எமது அயலில் இன்றும் உயிருடன் உள்ளது. அம்மருத்துவம் ஐம்பூதங்களை அடியாகக் கொண்டது. சுவைகள் ஆறு, ஒவ்வொன்றும் இரு பூதங்களாலானது. இனிப்பு மண்ணும் நீரும். புளிப்பு மண்ணும் தீயும். உவர்ப்பு நீரும் தீயும். கார்ப்பு காற்றும் தீயும். கசப்பு காற்றும் ஆகாயமும். துவர்ப்பு மண்ணும் காற்றும். இனிக் குற்றங்கள் மூன்று. வாதம் காற்றும் ஆகாயமுமாகவும், பித்தம் தீயாகவும், கபம் மண்ணும் நீருமாகவும் கொள்ளப்படும்.

ஆறு சுவைகளுக்கும் மூன்று குற்றங்களுக்கும் இடையே 18 உறவுகள் உள. இவற்றை ஒரு மாணவன் 18 செய்திகளாக மனனஞ்செய்யலாம். ஒத்தது ஒத்ததை வளர்க்கும் என்னும் ஒரு விதியை உணர்ந்தவனோ அவற்றுட் பெரும்பாலானவற்றைத் தானே பெறுவான். இனிப்பும் கபமும் மண்ணும் நீருமே. ஆதலின் இனிப்புக் கபத்தை மிகுவிக்கும். கசப்பும் வாதமும் காற்றும் ஆகாயமுமே. ஆதலின் கசப்பு வாதத்தை மிகுவிக்கும். பித்தங்கொண்டவனுக்கு மிளகாய் ஏன் ஆகாது என்பதைக் கேட்டறிய வேண்டியதில்லை. மருத்துவ முறையென்ற வகையில் இக்கொள்கை எவ்வளவு மெய் என்பது வேறு ஆராய்ச்சி. அறிவின் அமைப்பு என்ற வகையில் இது மிக நேர்த்தியானது. இங்கே கோடு ஊமையன்று. 'ஆதலின்' என்னும் சொல் பெரும்பாலான கோடுகளின்மீது எழுதப்பட்டுள்ளது.

இனி முதல் வினாவுக்கு வருவோம். இன்று உயர்தரப் பரீட்சைக்கு ஆயத்தஞ்செய்யும் மாணவர்க்கு அச்சிட்ட மனவரைபடங்கள் விலைக்குக் கிடைக்கின்றன. தனியார் கல்வி நிலையங்கள் அவற்றைக் குறிப்புகளோடு சேர்த்து வழங்குகின்றன. விலைகொடுக்கவும் வேண்டாம், பாடத்தலைப்பைக் கூறிய சில விநாடிகளிற் கைத்தொலைபேசியிலுள்ள செயற்கை நுண்ணறிவுச் செயலி வேண்டிய கிளைகளோடு படத்தைத் தந்துவிடும். நேர்கோட்டு மனனத்திலிருந்து மாணவனை விடுவிக்க வந்த கருவி, மனனஞ்செய்வதற்கு இன்னுமொரு பொருளாகிவிட்டது. முன்னர் பந்தியை மனனஞ்செய்தோம். இப்போது படத்தை மனனஞ்செய்கின்றோம்.

இதனை ஒழுக்கக்கேடு எனக் கடிந்து கூற எனக்கு மனமில்லை. பஸ்ஸுக்குக் காத்துநின்று நெடுந்தொலைவு சென்று படித்து, மாலையில் வீட்டுவேலையும் முடித்து, ஒரே பரீட்சையில் எதிர்காலம் முழுவதையும் பணயம் வைத்திருக்கும் மாணவியை நோக்கி, 'உன் படத்தை நீயே வரைந்துகொள், அதற்குரிய மணித்தியாலங்களை எங்ஙனமேனும் தேடிக்கொள்' என்பது வசதியுள்ளோர் கூறும் அறமாகும். நகரத்து மாணவனுக்கு நல்லாசிரியர் வாய்மொழியாகத் தருவதையே அவள் தாளிற் பெறுகின்றாள் எனவும் வாதிடலாம். அவ்வாதத்தை நான் ஏற்கின்றேன். படத்தைப் பெறுதல் குற்றமன்று. ஆனால் பெற்ற படத்தின் ஒவ்வொரு கோட்டையும் சுட்டி 'ஏன்?' எனக் கேட்டு, விடை கிடைத்தபின்னரே அதனைத் தன்னதாகக் கொள்ளுதல் வேண்டும். விடை கிடைக்காத கோட்டை அழித்துவிடும் துணிவும் வேண்டும். 'யான் அறிவேன்' என்பது ஒரு செய்தியன்று. அது ஒரு வாக்குறுதி. 'ஏன் அவ்வாறு?' என எவரேனும் வினவின் யான் விடைசொல்வேன் என்னும் பொறுப்பேற்பு அது. விடைசொல்ல இயலாதவன், பாத்திரத்தைக் காட்டி நிலம் தனக்குரியதெனக் கூறுகின்றான். அங்கு ஒருபோதும் கால்வைத்திலன்.

இனி இரண்டாவது வினா. ஆளுமை விருத்திப் பட்டறைகளிற் பயிலப்படும் படத்தின் மையம் 'நான்' என்பதாகும். பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் என நான்கு கிளைகள் விரியும். அல்லது குடும்பம், கல்வி, உடல்நலம், பணம், இலக்கு என்பன விரியும். எல்லாப் பார்வைக்கும் ஒரு கண் வேண்டும், ஆதலின் 'நான்' நடுவே நிற்பது வெறும் வசதிக்கேயன்றிச் செருக்கன்று எனச் சிலர் கூறுவர். கண்ணின்றிக் காட்சியில்லை என்பது உண்மையே. எனினும் கோடுகள் எல்லாம் மையத்திலிருந்தே புறப்படல் வேண்டும் என்னும் விதியானது, காரணங்கள் யாவும் என்னிடத்திலிருந்தே புறப்படுகின்றன என்னும் கொள்கையைக் கேளாமலே எம்முள் ஊன்றிவிடுகின்றது.

இதன் விளைவைத் திருகோணமலை மாவட்டத்திற் காண்பது எளிது. கொட்டியாரக் குடாவின் மறுகரையிலுள்ள சம்பூர் மக்கள் 2006 இல் யுத்தத்தால் இடம்பெயர்ந்தனர். மட்டக்களப்பிலும் பின்னர் கிளிவெட்டி முதலிய இடங்களிலுமாகத் தற்காலிகக் கொட்டில்களில் வாழ்ந்த அவர்களுட் பலர் ஏறக்குறையப் பத்தாண்டுகளின் பின்னர், 2015, 2016 ஆம் ஆண்டுகளிலேயே தம் காணிகளுக்கு மீண்டனர். ஆறு வயதில் அவ்வூரைவிட்டு வந்த பிள்ளையொன்று பதினாறு வயதிலேயே திரும்பியிருக்கும். அதாவது அதன் பாடசாலைக் காலம் ஏறக்குறைய முழுவதும் முகாமிற் கழிந்திருக்கும். அப்பிள்ளை வளர்ந்து ஒரு பட்டறையில் அமர்ந்து, கணிதத்திற் பெற்ற குறைந்த புள்ளியை எந்தக் கிளையில் எழுதும்? 'பலவீனம்' என்னும் கிளை ஆயத்தமாக உள்ளது. வேறு கிளை தரப்படவில்லை. அங்கு எழுதினாற் படம் நிறைவுபெறும், வளவாளரும் பாராட்டுவார். ஆனால் அக்கோடு பொய். அக்குறை அப்பிள்ளையிடமிருந்து புறப்பட்டதன்று, வந்து சேர்ந்தது. அம்புக்குறியைத் திருப்பி வரைவதற்கு அந்தப் படத்தில் இடமில்லை.

இதற்கு மறுதலையான கேடும் உண்டு. நல்ல புள்ளி பெற்றவன் அதனைப் 'பலம்' என்னும் கிளையில் எழுதிக்கொள்கின்றான். அவன் படிப்பதற்காகத் தன் படிப்பை நிறுத்திய அக்கா, காலையில் அவனுக்கு உணவு கட்டித்தந்து வேலைக்குச் சென்ற அம்மா ஆகியோர் 'குடும்பம்' என்னும் தனிக்கிளையில் ஒதுங்கி நிற்பர். பலத்துக்கும் அவர்களுக்கும் இடையே கோடில்லை. இவ்வாறு முதலாமவன் தன்னுடையதல்லாத குறையைச் சுமக்கின்றான்; இரண்டாமவன் தன்னுடையது மட்டுமல்லாத நிறைவைத் தனதாக்குகின்றான். ஊமைக் கோடு இருவரையும் பொய்யராக்குகின்றது.

தமிழ் வீடுகளில் மனிதனைப் பற்றிய பழைய வரைபடமொன்று பெட்டிகளுக்குள் மடித்து வைக்கப்பட்டுள்ளது. அது சாதகம். சோதிடத்தில் எனக்கு நம்பிக்கையில்லை. பிறர் வரைந்த படத்தை என் வாழ்வெனக் கொள்ளச் சொல்வதே அதன்பால் எனக்குள்ள முதல் மறுப்பு. எனினும் அதன் அமைப்பு ஆழ்ந்து நோக்கத்தக்கது. சதுரத்தின் ஓரங்களிற் பன்னிரண்டு கட்டங்கள். இலக்கினம் அவற்றுள் ஒன்று மட்டுமே. மூன்றாமிடம் உடன்பிறந்தார்க்கும், நான்காமிடம் தாய்க்கும், ஐந்தாமிடம் பிள்ளைகளுக்கும், ஏழாமிடம் வாழ்க்கைத் துணைக்கும் உரியன எனக் கணிக்கப்படும். நடுவிலோ எவருமிலர். 'இராசி' என்றோ 'அம்சம்' என்றோ எழுதுவதற்கு மட்டுமே அவ்விடம் பயன்படுகின்றது. ஒருவனைப் பற்றிய படத்தில் அவனே ஓர் ஓரத்திலிருந்து எண்ணப்படுகின்றான்.

இப்பன்னிரு கட்டங்களையே இசைக்குப் பயன்படுத்தினர் பண்டையோர். சிலப்பதிகார உரைகளில் வரும் வட்டப்பாலை என்னும் அமைப்பிற் பன்னிரு இராசிகளில் ஏழிசைகளும் நிறுத்தப்படுகின்றன. எவ்விசையைக் குரலாகக் கொண்டு தொடங்குகின்றோமோ அதற்கேற்ப வேறுவேறு பாலை பிறக்கும். செம்பாலை, படுமலைப்பாலை, செவ்வழிப்பாலை என ஏழு பாலைகளும் ஒரே வட்டத்திலிருந்து வருகின்றன. இராமகிருஷ்ண சங்கத்தின் பணியில் திருகோணமலை இந்துக் கல்லூரியை நடத்தியவரும், விஞ்ஞானக் கல்வியும் தமிழ்ப் புலமையும் ஒருங்கு வாய்த்தவருமான சுவாமி விபுலாநந்தர் (1892–1947), தம் இறுதியாண்டில் வெளிவந்த 'யாழ் நூல்' என்னும் பெருநூலில் இவ்விசைமரபைக் கணிதநெறி நின்று ஆராய்ந்தார். ஆய்ச்சியர் குரவையில் இவ்வேழிசைகளும் ஏழு மகளிராகவே நிற்கின்றமை மனங்கொள்ளத்தக்கது. ஒருத்தி குரல், ஒருத்தி துத்தம், ஒருத்தி கைக்கிளை எனப் பெயர்பெற்று வட்டமாகக் கைகோத்து ஆடுகின்றனர். குரலாக நிற்பவள் எப்பொழுதும் ஒருத்தியே ஆகவேண்டும் என்பதில்லை.

மனவரைபடத்தைத் தன்வளர்ச்சிக்குப் பயன்படுத்த விரும்புவோர் இம்மரபிலிருந்து ஒன்றைக் கொள்ளலாம். ஒரே தாளோடு நிறுத்தாது, மையத்தை மாற்றிப் பன்முறை வரைதல் வேண்டும். கப்பல்துறையில் வாழும் ஓர் உயர்தர வகுப்பு மாணவன் முதலில் 'என் எதிர்காலம்' என நடுவே எழுதி வரையட்டும். பின்னர் வேறொரு தாளில் 'என் அம்மா' என்பதை நடுவே எழுதட்டும். அவரது நாட்பொழுது, அவரது நோய், அவர் கைவிட்ட ஆசைகள் ஆகியன கிளைக்கும். அங்கு 'மகன்' என்பது ஒரு கிளை. அது எந்தக் கிளை? உழைப்பின் கீழா, மகிழ்ச்சியின் கீழா? மூன்றாவது தாளில் 'என் ஊர்' நடுவே வரட்டும். நீர், காணி, பாடசாலை, வைத்தியசாலை, வேலைவாய்ப்பு எனப் பிரியும் அப்படத்தில், பட்டம் பெற்று வெளியேறப்போகும் தன்னை எவ்விடத்தில் எழுதுவது என அவன் எண்ணிப்பார்க்கட்டும். எழுத இடமே இல்லாமலும் போகலாம். அதுவும் ஒரு செய்தியே. இம்மூன்று தாள்களையும் அருகருகே வைத்து, ஒவ்வொரு கோட்டின்மீதும் நோவாக் கேட்டவாறு ஒரு வினைச்சொல்லை எழுதவேண்டும். தாங்குகின்றது, தடுக்கின்றது, கடன்பட்டுள்ளது, மறந்துவிட்டது என்பன போன்ற சொற்கள் வரும். 'கடன்பட்டுள்ளது' என்னும் சொல் புசானின் வண்ணக்கிளையில் எக்காலத்தும் தோன்றாது.

இது கால விரயம் எனவும், தன்னையே ஐயுறச் செய்து இளைஞரின் ஊக்கத்தைக் கெடுக்கும் எனவும் மறுப்பெழலாம். ஊக்கம் குன்றலாம் என்பதை மறுப்பதற்கில்லை. 2002 ஆம் ஆண்டு ஆய்வில் எளிய படத்துக்கே ஊக்கம் குறைந்தது. ஆனால் சம்பூர்ப் பிள்ளையை மீண்டும் எண்ணிப்பார்ப்போம். 'ஊர்' என்பதை மையமாகக் கொண்ட தாளில் 2006 ஆம் ஆண்டுக்கு ஓர் இடமுண்டு. அதிலிருந்து ஒரு கோடு அப்பிள்ளையின் கணிதப் புள்ளியை நோக்கி வரும். அதே ஆண்டிலிருந்து பக்கத்து வீட்டாரின் மகளை நோக்கியும் இன்னுமொரு கோடு செல்லும். தனக்கு மட்டும் நேர்ந்ததென அப்பிள்ளை எண்ணியிருந்தது பலர்க்கும் பொதுவென அங்கே தெரியவரும். இதனால் புள்ளி கூடாது. 'நான் மூடன்' என்னும் எண்ணம் மட்டும் தன் இடத்தை இழக்கும்.

கரையோர மீனவர் கடலில் தமக்குரிய மீன்தளத்தை மீண்டும் கண்டடையும் முறையொன்று உண்டு. கரையிலுள்ள இரு அடையாளங்கள், ஒரு மலையுச்சியும் ஒரு கோபுரமும் போல்வன, ஒன்றன்பின் ஒன்றாக நேர்படும்வரை வள்ளத்தைச் செலுத்துவர். வேறொரு திசையில் இன்னும் இரண்டை அவ்வாறே நேர்படுத்துவர். இரு கோடுகளும் வெட்டும் இடமே அவர்கள் தேடியது. தான் இருக்குமிடத்தை அறிய மீனவன் தன்னை நோக்குவதில்லை; அசையாது நிற்கும் பிறவற்றை நோக்குகின்றான். வள்ளம் எந்நேரமும் அலையில் ஆடிக்கொண்டேயிருப்பதால் அதனை மையமாகக் கொண்டு எதனையும் அளக்க இயலாது என்பது அவனுக்குத் தெரியும். அக்கோடுகளைத் தாளிலும் எவரும் வரைந்து தருவதில்லை. தந்தையோடு பலநாள் கடலுக்குச் சென்ற மகன், ஒருநாள் தனியே சென்று, தானே நேர்படுத்திப் பார்த்து, வலையை இறக்குகின்றான்.